புகார் சொல்லாத தோல்

பூந்தளிர் கம்பெனியின் வாசலில் ஒரு முயல் கூண்டு உண்டு. உள்ளே கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டிய வெள்ளை முயல்கள். மேலே, 'எங்கள் கிரீமுக்காக ஒரு முயல்கூடக் கண் கலங்கியதில்லை' என்று பலகை. வருகிற டீலர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். அந்த முயல்களை யாரும் எந்தச் சோதனைக்கூடத்திலிருந்தும் மீட்டு வரவில்லை. சந்தையில் கறிக்கு விற்றதை வாங்கி ரிப்பன் கட்டிவிட்டார்கள். அந்தக் கம்பெனியில் நான் பார்த்த மற்ற பொய்களுக்கு முன்னால் இது ரொம்பச் சாதுவான பொய்.

என் பெயர் இசக்கியம்மாள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தோல் செல்களைக் குடைந்து குடைந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கோயம்புத்தூருக்கு என்னை அழைத்து வந்தது என் அறிவுக்காக இல்லை. புது கிரீம் கடைக்குப் போக வேண்டுமென்றால் 'இது தோலை எரிக்காது' என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம். முதலாளி கிருத்திக்குக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது. கையோடு சேர்ந்து ஆளும் வந்துவிட்டது அவனுக்கு ஒரு தொந்தரவு.

கிருத்திக் தன் விளம்பரத்தில் தானே நடிக்கிற ஜாதி. அவிநாசி ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் விளம்பரப் பலகையில் அவன்தான் நிற்பான், பக்கத்தில் அவன் மனைவி தாரிணி கன்னத்தில் ஒரு விரலை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்ததும் இருவரையும் ஒரே தராசில் போட்டு வைத்தேன். புருஷனுக்கு ஏற்ற பொம்மை என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்கூடம் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அங்கே மனிதத் தோலை வளர்த்தார்கள். ஆபரேஷனில் யாரோ கொடுத்த ஒரு துண்டுத் தோலிலிருந்து செல்களை எடுத்து, சத்துநீரில் ஊறவைத்து, காசு அளவுக்குச் சின்னச் சின்ன வட்டங்களாகத் தட்டில் வளர்ப்பது. இதெல்லாம் பழைய வித்தை. இங்கே புதுசு என்னவென்றால், தோலுக்குள் நரம்பு நுனிகளையும் சேர்த்து வளர்த்திருந்தார்கள். மேலே தடவியது எரிந்தால் அந்த நுனிகள் துடிக்கும், துடிப்பு கம்பி வழியாகத் திரைக்குப் போகும், திரையில் ஒரு பச்சைக் கோடு மேலே ஏறும். அந்த ஏற்றத்துக்கு அங்கே 'புகார்' என்று பெயர். கோடு படுத்துக் கிடந்தால் கிரீம் பாஸ்.

நான் சேர்ந்ததிலிருந்து ஒரு கோடுகூட ஏறவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலுக்குக் கையில் பிடிக்க ஒரு நுனி வேண்டும். அதை ஆயுதபூஜை கொண்டுவந்தது.

பூஜை அன்று கம்பெனியில் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மைக்ராஸ்கோப்புக்கு வைத்தார்கள், ஏசி ரிமோட்டுக்கு வைத்தார்கள். உற்பத்தி மேலாளர் நாச்சிமுத்துதான் இதற்கெல்லாம் முன்னணி. நான் கேன்டீனில் சுண்டல் வாங்கப் போன நேரத்தில் அவர் தோல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தட்டில் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பொட்டு குங்குமம் வைத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது தட்டு முழுக்கச் சுமங்கலிகளாக இருந்தது.

"இது என்ன வேலை, நாச்சிமுத்து சார்?"

"ஏனுங்க மேடம், நமக்குச் சோறு போடறதே இந்தத் தோலுங்கதானுங்க. திருகாணிக்குக்கூட வெச்சுட்டு இதுகளுக்கு வெக்காம உட்டா நல்லாருக்குமுங்களா?"

பக்தியோடு வாதாட என்னிடம் நேரமில்லை. லீவு முடிந்ததும் தட்டைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று மூடிவிட்டுப் போனேன். 

லீவு முடிந்து வந்தால் கிருத்திக்கின் நெற்றியில் கொப்புளம். மலிவான சாயக் குங்குமம். நாச்சிமுத்துவின் நெற்றி பழுத்த தக்காளி மாதிரி இருந்தது. வைத்துக்கொண்ட எல்லோரும் நெற்றியைச் சொறிந்துகொண்டே வந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். அதே குங்குமம் தோல்கள் மேல் அத்தனை நாளும் அப்படியே இருந்தது. திரையில் பச்சைக் கோடு ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். "இந்தத் தோலை எப்படி வளர்க்கிறீங்கன்னு முதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் பெருமையோடு சொன்னார். "ஒவ்வொருக்காவும் தட்டு போட்டுக் கிரீம் தடவுவமுங்க. புகார் சொன்ன தோலு கெட்டதுன்னு வீசிருவம். சொல்லாத தோலுல இருந்து விதையெடுத்து அடுத்த தட்டுக்கு வெப்பம். நெல்லுல நல்ல கதிராப் பாத்து விதைக்கு எடுத்து வெக்கறதில்லீங்களா, அதாட்டத்தானுங்க."

"கிரீம் கெட்டதா இருந்தா?"

"கிரீம் எப்படீங்க கெட்டதா இருக்கும்? நம்ம கிரீமுங்க."

நான் மூச்சை இழுத்து விட்டேன். "சரி. எரியும்னு நல்லாத் தெரிஞ்ச ஒரு பொருளையும் கூடவே ஒரு தோல்ல தடவிப் பார்க்கணுமே, தோல் சொரணையோட இருக்கான்னு தெரிஞ்சுக்க. அதை ஏன் செய்றதில்லை?"

"ஆரம்பத்துல செஞ்சமுங்க. எரியுதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கு எதுக்குங்க மறுக்கா ஒரு நல்ல தோல வேஸ்ட் பண்ணோணும்? முதலாளிதான் வேண்டாம்னு சொல்லீட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இவர்கள் சோதனைக்கு ஏற்றபடி கிரீமைத் திருத்தவில்லை. கிரீமுக்கு ஏற்றபடி தோலைத் திருத்தியிருக்கிறார்கள். வாய் திறந்த தோலை எல்லாம் குப்பையில் போட்டு, வாய் மூடிய தோலாகப் பொறுக்கிப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, கடைசியில் எதற்கும் வாயே திறக்காத ஒரு வம்சத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதுவும் தெரியாமல். தெரிந்து செய்திருந்தால் ஒரு மரியாதையாவது வந்திருக்கும்.

கிருத்திக்கை வரச்சொல்லி, அவன் கண் முன்னால் கழிப்பறை ஆசிட்டை எடுத்து ஒரு தோல் மேல் ஊற்றினேன். ஓரம் சுருண்டது. புகை வந்தது. நாச்சிமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். திரையில் கோடு நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது.

"பார்த்தீங்களா சார். உயிரோட வெந்துக்கிட்டிருக்கு. சொல்லத்தான் தெரியலை. இதை வச்சுச் சோதிச்ச எந்தக் கிரீமுக்கும் அர்த்தம் கிடையாது. தீபாவளிக்குப் போற கிரீமை நிறுத்துங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஆசிட்டுக்கே அசையலீங்களே மேடம்."

"அதைத்தானே சொல்றேன்."

"எவ்வளவு வெயில் அடிச்சாலும், அரிச்சாலும், கடிச்சாலும் எதுவும் தெரியாத தோலு. இத எவன் வேண்டாம்பான்?" என்றான் மெதுவாக. நாச்சிமுத்து பக்கம் திரும்பி, "இந்த விதையப் பத்திரமா வெய்யுங்க" என்றான்.

கையெழுத்து வேறு யாரோ ஒரு டாக்டரிடமிருந்து வந்தது. இந்த ஊரில் பேனா பிடித்த கைகளுக்கா பஞ்சம்? என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ரிசப்ஷன் சுவரில் என் பட்டம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்ற அவனுக்கு மனசில்லை. உறைய வைத்த செல்களைச் சேமிக்கும் பின்கட்டு அறைக்கு மாற்றினான். நானும் வேலையை விடவில்லை. இவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்கிற வீம்பு.

பழைய குப்பிகளை எல்லாம் வீசச் சொல்லி உத்தரவு. அவற்றில் ஒன்றில் 'முதல்' என்று மட்டும் எழுதியிருந்தது. இந்த வம்சத்துக்கே தாய். புகார் சொல்லத் தெரிந்த தோல். கொடுத்தவர் பெயர் இல்லை, இருக்கக் கூடாது என்பது விதி. நான் அதை வீசவில்லை.

தீபாவளிக் கிரீமின் விளம்பரப் படப்பிடிப்பு கம்பெனிக்குள்ளேயே நடந்தது. ஒருநாள் தாரிணி மேக்கப்போடு சோதனைக்கூட வாசலுக்கு வந்து நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. கிருத்திக் போனில் பேசிக்கொண்டே பின்னால் வந்தான்.

"எரியுதுங்க," என்றாள் அவனிடம். "நேத்து இருந்தே எரியுது. இன்னைக்கு ஒருநாள் தடவாம எடுக்கலாமுங்களா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். "லேப்ல இருக்கற தோலே சும்மா இருக்குது. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து, "நிறுத்திருங்க, தாரிணி. தடவாதீங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவளும் கூடவே சிரித்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள். தன் கன்னம் எரிகிறதா இல்லையா என்பதைப் புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜென்மம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

படப்பிடிப்பு முடிவதற்குள் அவளுடைய இடது கன்னம் புண்ணாகி, சீழ் பிடித்து, குழி விழுந்தது. வெளியே கிரீம் வாங்கியவர்களுக்கும் எரிந்தது. சிலர் கடையில் போய்ச் சண்டை போட்டார்கள். கம்பெனி ஒரே பதிலை அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பியது: உங்கள் தோல் அளவுக்கு மீறி மென்மையானது, எங்கள் கிரீம் மனிதத் தோலில் சோதிக்கப்பட்டது. பாவம், முயல்களுக்கு ஒரு குறையும் இல்லை.

தை மாதம் கிருத்திக் தன் மூளைக்கு எட்டிய பரிகாரத்தைச் செய்தான். சிநேகிதரான ஒரு பிளாஸ்டிக் சர்ஜனை வைத்து, தாரிணியின் கன்னத்தில் புண்ணை வழித்தெடுத்துவிட்டு, சோதனைக்கூடத்தில் வளர்ந்த புகார் சொல்லாத தோலை ஒட்ட வைத்தான். இன்னொருவர் தோலை உடம்பு ஏற்காதே, ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுமே என்று நான் காத்திருந்தேன். உதிரவில்லை. பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போலப் பொருந்திவிட்டது. எனக்கு அது புரியவே இல்லை.

அவனுக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை. மனைவியின் கன்னத்தில் மிளகாய் விழுதைத் தடவிப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. உடனே அடுத்த வியாபாரத்துக்குப் பெயர் வைத்துவிட்டான். 'பொறுமை'. எதற்கும் வாடாத, எதையும் தாங்கும் முகத்தோல். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களுக்குச் சலுகை விலை.

சித்திரையில் ஒரு மத்தியானம் தாரிணி பின்கட்டு அறைக்குத் தனியாக வந்தாள். கதவை அவளே சாத்தினாள். முகம் பளபளப்பாக இருந்தது. இடது கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் எழுந்துபோய் ஓட்டினேன்.

"உக்காருங்க," என்றேன். "சார் அனுப்பினாரா?"

"இல்லீங்க. அவருக்குத் தெரியாது." சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "என்ற பொண்ணு இருக்கறா, மிளிர். நேத்து தூங்கி எந்திரிச்சு வந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, அம்மா நான் முத்தம் குடுத்தனே, நீ ஏன் திருப்பிக் குடுக்கலைன்னு அழுவறா. அவ குடுத்ததே எனக்குத் தெரியலீங்க. இந்தப் பக்கம் குடுத்திருக்கறா."

இப்படிப்பட்ட சமயங்களில் ஆறுதல் சொல்கிற வரம் எனக்கு வாய்க்கவில்லை.

"அந்த மொதல் தோலு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"எந்த முதல் தோல்?"

"இதெல்லாம் எதுல இருந்து வந்துச்சோ அது." கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். தொட்டது விரலுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். "அது என்றதுதானுங்க."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மிளிர் ரெண்டாவதுங்க. மொதல்ல ஒண்ணு தங்கலை. ரெண்டும் ஆபரேஷன். மிளிருக்கு அறுக்கறப்ப பழைய தழும்பையும் சேத்து வெட்டி எடுத்தாங்க. அத வாங்கறதுக்கு இவரு ஐஸ் பெட்டியோட வெளிய நின்னாரு. பெட்டிய லேபுக்குக் கொண்டாந்து குடுத்துப்போட்டு, அப்பறம்தான் வந்து கொழந்தையப் பாத்தாரு." அவள் குரலில் கோபமே இல்லை. "என்ற தோலுன்னா எதுக்கெடுத்தாலும் தடிச்சுப் போகுமுங்க. பூரான் ஊர்ந்த வழிகூட ஒரு வாரத்துக்குத் தெரியும். ஆசிட்டுக்கே சும்மா இருக்குதுன்னு இவரு வந்து சொன்னப்பவே, அது எப்படீன்னு எனக்கு ரோசனைதான். நீங்க தடவாதீங்கன்னு சொன்னப்ப நின்னுருக்கோணும்."

அவள் தோலைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதில் இருந்த சொரணையை எல்லாம் தலைமுறை தலைமுறையாக வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை அவள் முகத்திலேயே திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். பொருந்தாமல் என்ன செய்யும்? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பொம்மை என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவள் எனக்கு முன்னால் உட்கார்ந்து, தன் தோலைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றேன். "வளர்த்துத் தர முடியும். ஆனா யோசிச்சுக்கோங்க. மறுபடியும் வெயில் சுடும். சோப்பு எரியும்."

"எரியட்டுமுங்க."

நாச்சிமுத்துவின் பெட்டியில்தான் வளர்த்தேன். நான் என்னவோ செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நான் எதையும் பாக்கலீங்க" என்றார். அவர் மனைவியும் தீபாவளிக் கிரீம் தடவியவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எதையும் பார்க்காமல் இருப்பது அந்தக் கம்பெனியில் அவர் உருப்படியாகச் செய்துவந்த வேலை, முதல் முறையாக அது நல்லதுக்குப் பயன்பட்டது.

பள்ளிக்கூட லீவில் கோபியில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று போன தாரிணி, ஈரோட்டில் தன்னோடு படித்த ஒரு சர்ஜனிடம் கன்னத்தை மாற்றிக்கொண்டு வந்தாள். ஓரத்தில் தெரிந்த சிவப்புக் கோட்டைப் பார்த்து, "புரட்டாசி மீட்டிங்குக்குள்ள சரியாயிருமா?" என்று மட்டும் கிருத்திக் கேட்டானாம். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நரம்பு நுனிகள் உயிர்பிடிக்கச் சில மாதம் ஆகும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த மாதங்களில் அவளிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

புரட்டாசியில் டீலர்கள் கூட்டம். பெரிய ஏசி மண்டபம், ஸ்டேஜில் முயல் பொம்மைகள். பட்டம் வாங்கியவள் என்பதால் எனக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி. நடுநாயகமாக ஒரு பெரிய திரை. கிருத்திக் வெள்ளைச் சட்டையில் மைக்கோடு உலவினான். தாரிணி பட்டுச் சேலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுக்குக் கீழே ஒரு சின்னக் கம்பியை ஒட்டினார்கள். திரையில் பச்சைக் கோடு எழுந்து, தரையோடு படுத்தது.

பக்கத்தில் இருந்த நாச்சிமுத்து என் பக்கம் குனிந்தார். "ஒத்திகை பாத்துக்கலாமுங்க சார்னு காத்தால சொன்னனுங்க. தை மாசமே தேய்ச்சுப் பாத்தாச்சு, தெரிஞ்சதுக்கு எதுக்கு மறுக்கா டெஸ்ட்டுன்னுட்டாருங்க."

"நம்ம வீட்லயே ஆரம்பிக்கறதுதானுங்க நம்ம பழக்கம்," என்று கிருத்திக் மைக்கில் சொன்னான். கூட்டம் கை தட்டியது. மேஜை மேல் இருந்த கிண்ணத்திலிருந்து பச்சை மிளகாய் விழுதை எடுத்து, எல்லோருக்கும் காட்டி, மனைவியின் இடது கன்னத்தில் தாராளமாகத் தேய்த்தான். "இப்ப அம்மிணி சொல்லுவாங்க, எப்படி இருக்குதுன்னு."

அவள் சொல்ல வேண்டிய வசனம் 'குளிர்ச்சியா இருக்குது' என்பது. அவள் கண்ணில் தண்ணீர் திரண்டது. மைக்கை அவன் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டாள்.

"எரியுதுங்க," என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே குனிந்து, "அதெல்லாம் எரியாது" என்றான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எரியுதுங்க." இந்தத் தடவை அவளும் சிரித்தாள். விளம்பரப் பலகையில் நான் பார்த்த சிரிப்பு இல்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மிளகாயோடு கலந்து வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. முன்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்த மிளிரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "நல்லா எரியுது."

பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. டீலர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எங்கோ ஒருவர், "என்ற சம்சாரத்துக்கும் இப்படித்தானுங்க ஆச்சு" என்று சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கை தட்டவில்லை. கோடு திரையின் உச்சியைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கேயே துடித்தது.

தாரிணி ஸ்டூலிலிருந்து இறங்கிப் படியில் நடந்து மகளிடம் வந்தாள். கிருத்திக் அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.